இனிப்பின்மேல் இறை: நலம் நாடி விதிக்கும் வரியின் நீதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசு தோன்றிய காலந்தொட்டே இறையும் உடன்றோன்றிற்று. படை திரட்டவும், குளந்தொட்டு வளம் பெருக்கவும், வழியமைக்கவும் பொருள் வேண்டும். அப்பொருளைக் குடிகளிடமிருந்தே பெறுதல் வேண்டும். ஆதலின், இறையின் நீதி பற்றிப் பண்டையோர் ஆராய்ந்தபோது, எவ்வளவு கொள்ளலாம், எவ்வாறு கொள்ளலாம் என்னும் இரு வினாக்களையே முதன்மையாகக் கொண்டனர். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றுச் செய்யுள், விளைந்த நெல்லைக் கவளமாக்கி யானைக்கு ஊட்டுதற்கும் யானை தானே வயலுட் புகுந்து உண்ணுதற்கும் உள்ள வேற்றுமையைக் காட்டி, வேந்தனுக்கு இறையின் நெறியை உணர்த்திற்று. அங்கே குடிகள் உண்பது யாது, பருகுவது யாது என்னும் விசாரணை இல்லை. இறை கொள்வோனைத் திருத்துவதே புலவரின் நோக்கமாயிருந்தது. இறுப்போனைத் திருத்துவது அன்று.

இக்காலத்து அரசுகள் பல விதித்துள்ள ஒரு வரியோ இதற்கு மாறுபட்டது. சீனி கலந்த பானங்களின்மேல் விதிக்கப்படும் அவ்வரி, இறுப்போனைத் திருத்துதற்கென்றே எழுந்தது. ஏனைய வரிகளிற் கருவூலம் நிறைந்தால் அரசு மகிழும். இவ்வரியிலோ கருவூலம் நிறையுமாயின், மக்கள் இனிப்பு நீரை விடவில்லை என்பது பொருள். எனவே வரி தன் நோக்கத்திலே தோற்றது என்பதும் பொருள். நிறைந்தாலுந் தோல்வி, குறைந்தால் வெற்றி என்னும் இவ்விந்தையான வரி நீதியுடையதா? குடிமகன் ஒருவன் தன் காசைக் கொடுத்துத் தன் தாகத்துக்கு எதைப் பருகுகின்றான் என்பதிலே அரசுக்கு யாது உரிமை? வறியவன்மேற் சுமையேற்றி அவனுக்கு நன்மை செய்கின்றோம் என்பது பொருந்துமா? இவ்வினாக்கள் புதியனபோலத் தோன்றினும், இவற்றின் வேர்கள் வரலாற்றிலே ஆழமாகச் சென்றுள்ளன. அவ்வேர்களைத் தேடிப் பார்த்து, அதன்பின் இன்றைய நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலிற் சீனியின் வரலாற்றை நோக்குவாம். இங்கிலாந்திலே கி.பி. 1700 அளவில் ஓராளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இறாத்தல் சீனியே செலவாயிற்று. அது செல்வர் வீட்டுப் பொருள். பூட்டி வைக்கும் பெட்டகத்துக்குரிய பண்டம். 1800 அளவில் அது 18 இறாத்தலாக உயர்ந்தது. 1900 அளவில் ஏறத்தாழ 90 இறாத்தலாயிற்று. கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களும், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வியர்வையும் இரத்தமுமே இப்பெருக்கத்துக்கு அடிநிலை. சீனி இறக்குமதியின்மேல் விதிக்கப்பட்ட தீர்வை பிரித்தானிய அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாயிற்று.

1776 இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலிலே ஆதம் சிமித் இத்தீர்வைக்கு ஒரு நியாயங் கூறினார். சீனியும் றம்மும் புகையிலையும் எந்நாட்டிலும் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதனவல்ல. ஆயினும் அவற்றை நுகராதார் அரியர். ஆகையால் அவை வரி விதித்தற்கு மிகவும் ஏற்ற பொருள்கள் என்பது அவர் கருத்து. இன்றியமையாப் பொருளுக்கு வரி விதித்தால் உழைப்பாளியின் கூலி உயரவேண்டியதாகும்; ஆடம்பரப் பொருளுக்கு விதித்தாலோ, நிதானமுள்ள ஏழை அதனைக் குறைத்துக்கொள்வான், அவன் குடும்பம் கெடாது என்றும் அவர் வாதித்தார். பானவரியை ஆதரிப்போர் இன்று சொல்லும் நியாயத்தின் வித்து இங்கேயே இருக்கின்றது.

சீனியை விடுதல் அறச்செயலாகக் கருதப்பட்ட காலமும் ஒன்று உண்டு. அடிமை வாணிகத்தை ஒழிக்க வில்பர்போசு கொண்டுவந்த பிரேரணையை 1791 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தள்ளிவிட்டது. அப்பொழுது மக்கள் தாமாகவே மேற்கிந்தியச் சீனியை வாங்குவதில்லை என்று உறுதிபூண்டனர். இவ்வாறு விட்டோர் 3 இலட்சத்துக்குக் குறையார் என அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற தோமசு கிளாக்சன் கணித்தார். இங்கே வரியும் இல்லை, சட்டமும் இல்லை; மனச்சாட்சியே ஆணையிட்டது. தன் விருப்பால் விடுதலே சிறந்த வழி என்று கூறுவார்க்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்று. ஆனால் அடுத்த நூற்றாண்டிலே சீனியின் நுகர்ச்சி ஐந்து மடங்காயிற்று என்பதையும் மறத்தலாகாது. அறவுணர்ச்சி ஒரு தலைமுறையை அசைத்தது. மலிவான விலையோ மூன்று தலைமுறைகளை மாற்றிவிட்டது.

அம்மலிவை உண்டாக்கியதும் நல்லெண்ணமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர், ஏழையின் காலையுணவு மேசை வரியின் பிடியினின்று விடுபடல் வேண்டும் என்று முழங்கினர். தேநீரும் ரொட்டியும் சீனிப்பாகுமே ஆலைத் தொழிலாளியின் உணவாய்விட்ட காலம் அது. சீனித் தீர்வை படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1874 இல் டிசுரேலி ஆட்சிக் காலத்தில் முற்றாக நீக்கப்பட்டது. பின்னர் தென்னாபிரிக்கப் போர்ச் செலவின் பொருட்டு 1901 இல் அது மீண்டும் விதிக்கப்பட்டது. இங்ஙனம், ஒரே பண்டம் ஆடம்பரமென்று வரிக்குள்ளாகி, இன்றியமையாததென்று வரிநீங்கி, போரின்பொருட்டு மீண்டும் வரிக்குள்ளாகி, எம் காலத்திலே நோயின் காரணமென்று வேறொரு வடிவில் வரிக்குள்ளாகியிருக்கின்றது. பண்டம் மாறவில்லை, அதுபற்றிய நியாயமே மாறியது. ஆதலால் வரியின் நீதியைப் பண்டத்தை மட்டும் நோக்கித் துணிதல் இயலாது. அக்காலத்து மக்களின் வாழ்வை நோக்கியே துணிதல் வேண்டும்.

இனி, மக்களின் நலம் கருதியே விதிக்கப்பட்ட வரியொன்றின் கதையைக் காண்பாம். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரத்தை 'ஜின்' என்னும் மலிவான மது சூறையாடிற்று. தாய்மாரும் குழந்தைகளும் அதனாற் கெட்டனர். சேர் யோசப்பு செக்கில் என்பாரின் முயற்சியால் 1736 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. சில்லறையாய் விற்கும் ஜின்னுக்குக் கலன் ஒன்றுக்கு 20 சிலிங் தீர்வையும், விற்பனையுரிமைப் பத்திரத்துக்கு ஆண்டுதோறும் 50 பவுணும் விதிக்கப்பட்டன. அக்காலத்திலே 50 பவுண் என்பது சிறு வணிகன் ஒருவன் கனவிலுங் காணாத தொகை. விளைவு யாது? உரிமைப் பத்திரம் பெற வந்தோர் மிகச் சிலரே. மருந்தென்றும் வேறு பெயரென்றுஞ் சொல்லி மறைவிலே விற்றனர். காட்டிக்கொடுப்போர்க்குச் சன்மானம் அளிக்கப்பட்டது. அவர்களை வீதியிலே கூட்டங்கூடி அடித்தனர். 1743 இல் அச்சட்டம் கைவிடப்பட்டது.

பின்னர் 1751 இல் வேறொரு சட்டம் வந்தது. அது தீர்வையை ஓரளவே உயர்த்திற்று. ஆனால் வடிப்போர் நேராகச் சில்லறையில் விற்பதைத் தடுத்து, உரிமைப் பத்திரத்தைத் தகுதியுடைய இடங்களுக்கே வரையறுத்தது. தானிய விலையேற்றமும் துணைசெய்ய, ஜின்னின் கொடுமை தணிந்தது. இதனால் நாம் அறிவன இரண்டு. மிகையான வரி, குடிகளின் உடன்பாடின்றி வருமாயின், தீமையை ஒழியாது மறைவிடத்துக்கு ஓட்டும் என்பது ஒன்று. வாங்குவோனை ஒறுப்பதிலும் ஆக்குவோனையும் விற்போனையும் ஒழுங்குபடுத்துவதே பயன் தரும் என்பது மற்றையது. மூன்றாவதாக ஒன்றையுஞ் சேர்த்துக் கூறலாம். செல்வர் பருகிய போட்டு வைனைத் தீண்டாது ஏழையின் ஜின்னை மட்டும் பாவம் என்ற சட்டத்தை ஏழைகள் நீதியென்று ஏற்கவில்லை.

இத்தகைய வரிகளின் நீதியை ஆழ்ந்து நோக்கியவர் யோன் ஸ்டூவட் மில். 1859 இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலிலே, ஒருவன் பிறருக்குத் தீங்கு செய்யாதவரையில் அவன் தன் நலம்பற்றி அவனைக் கட்டாயப்படுத்த எவர்க்கும் உரிமை இல்லை என்று அவர் நிறுவினார். அக்கொள்கையின்படி, ஒரு பானத்தை அரிதாக்க வேண்டும் என்பதையே நோக்கமாகக் கொண்டு வரி விதித்தல், அதனைத் தடைசெய்தலுக்கு ஒப்பானதே. விலையேற்றம் என்பது அவ்விலையைக் கொடுக்கமாட்டாதவனுக்குத் தடை, கொடுக்கக்கூடியவனுக்குத் தண்டம். ஆயினும் மில் இத்துடன் நிறுத்தவில்லை. அரசு எப்படியும் வரி வாங்கவே வேண்டும். எதன்மேல் விதிப்பது என்று தேரும்பொழுது, குடிகள் எளிதில் விடக்கூடியதையும், அளவுமீறின் கேடு செய்வதையும் தேர்ந்துகொள்வது கடன். எனவே அரசுக்கு மிகுந்த வருவாய் தரும் எல்லைவரையில் அத்தகைய வரி ஏற்புடையது என்று முடித்தார்.

மில்லின் இம்முடிபு கூர்மையானது. ஆனால் இன்றைய பானவரி அவர் வகுத்த எல்லைக்குள் அடங்குவதன்று. வருவாயை முதலாகவும் திருத்தத்தைப் பின்னாகவும் அவர் வைத்தார். இக்காலத்து அரசுகள் திருத்தத்தை முதலாக வைக்கின்றன. அங்ஙனமாயின் மில்லின் மறுப்புக்கு யாது விடை? விடைகள் இரண்டு உள. ஒன்று, மில்லே தம் கொள்கை முதிர்ந்த அறிவுடையார்க்கே உரியது, சிறார்க்கு அன்று என்று தெளிவாக வரையறுத்தமை. இனிப்புப் பானத்தின் சுவை பள்ளிப் பருவத்திலேயே நாவிற் படிந்து விடுகின்றது. முதிர்ந்த பின் தெரிவு செய்கின்றான் என்று நாம் கருதுபவன் உண்மையில் பத்து வயதிலே தெரிவு செய்துவிட்டான். மற்றது, கேம்பிரிச்சுப் பொருளியலறிஞர் பிகூ 1920 இல் தம் நூலிலே விளக்கிய கருத்து. ஒரு பொருளின் விலையிலே அடங்காத தீங்கு பிறர்மேல் விழுமாயின், அத்தீங்கின் அளவுக்கு வரி விதித்து விலையை மெய்யான விலையாக்கலாம் என்பது அது. இலவச வைத்தியசாலை உள்ள நாட்டிலே ஒருவனது சலரோகத்தின் செலவு அவன் வீட்டோடு நிற்பதில்லை.

எனினும் பிகூவின் வாதத்தை எல்லைகடந்து நீட்டுதல் ஆபத்தானது. வைத்தியச் செலவு பொதுவானது என்பதனால் ஒவ்வொருவனுடைய உணவும் நித்திரையும் நடையும் பொதுக் காரியமாய்விடுமாயின், தனிவாழ்வென்று ஒன்று எஞ்சாது. ஆகையால், பானவரிக்கு வலுவான நியாயம் சிறாரைப் பற்றியதும், அவர்க்கு அதனைப் பழக்குவிக்கும் பெருவணிகத்தைப் பற்றியதுமே என்பது எம் துணிபு.

சீனிப்பானம் உணவாகாது உடலிற் சேரும் இயல்பினது. 1886 இல் அத்திலாந்தா நகரிலே மருந்துவணிகர் யோன் பெம்பற்றன் ஆக்கிய கொக்கா-கோலா, தொடக்கத்திலே மருந்துக்கடையிற் புத்துணர்ச்சி தரும் பானமாகவே விற்கப்பட்டது. இன்று 330 மில்லிலீற்றர் கொள்ளுந் தகரக்குவளை ஒன்றிலே அத்தகைய பானம் ஏறத்தாழ 35 கிராம் சீனியைக் கொண்டிருக்கும். உலக சுகாதாரத் தாபனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, உணவிற் சேர்க்கப்படும் சீனி நாள்முழுதும் பெறும் சக்தியில் நூற்றுக்கு 10 வீதத்துக்குக் குறைதல் வேண்டும். 5 வீதத்துக்குக் குறைதல் இன்னும் நன்று. இந்த 5 வீதம் என்பது வளர்ந்தவர் ஒருவர்க்கு ஏறத்தாழ 25 கிராம். எனவே ஒரு குவளை பருகிய மாத்திரத்திலேயே அவ்வெல்லை தாண்டப்படுகின்றது. திட உணவைப்போல இது வயிற்றை நிறைப்பதுமில்லை. பருகியவன் உணவைக் குறைத்துக்கொள்வதுமில்லை. அடுத்த ஆண்டிலே அத்தாபனம், இப்பானங்களின் விலையை 20 வீதமேனும் உயர்த்தும் வரி பயன் தரும் என்று அரசுகளுக்கு எடுத்துரைத்தது.

இம்முயற்சியிலே உலகின் கண்ணைக் கவர்ந்த நாடு மெக்சிக்கோ. அங்கே ஓராளுக்குரிய மென்பான நுகர்ச்சி உலகிலே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. சலரோகமும் மக்களைப் பெரிதும் வாட்டியது. பல சிற்றூர்களிலே தூய குடிநீர் கிடைப்பதிலும் போத்தற் பானம் கிடைப்பது எளிதாயிருந்தது. பெருங்கம்பனிகளின் எதிர்ப்பையும் மீறி, 2014 சனவரி முதலாந் தேதி தொடக்கம் லீற்றருக்கு 1 பெசோ வரி நடைமுறைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 10 வீதம் உயர்ந்தது. முதலாண்டிலே அப்பானங்களை வாங்குதல் சராசரியாக 6 வீதம் குறைந்தது. வறிய குடும்பங்களிலே 9 வீதம் குறைந்தது. இரண்டாம் ஆண்டிலும் அக்குறைவு மறையாது மேலும் வளர்ந்தது. வரிப்பணத்தைக் கொண்டு பாடசாலைகளிலே குடிநீர்க் குழாய்கள் அமைத்தல் வேண்டும் என்னும் கோரிக்கையும் இவ்வியக்கத்தோடு இணைந்திருந்தது.

இங்கே நீதிபற்றிய முடிச்சு ஒன்று தோன்றுகின்றது. நுகர்பொருள் வரி வறியவனுக்கே பாரம் என்பர். நாளுக்கு நூறு ரூபா உழைப்பவனும் ஆயிரம் ரூபா உழைப்பவனும் ஒரு போத்தலுக்கு ஒரே வரியை இறுக்கின்றனர். ஆகவே வருவாயின் வீதத்திலே நோக்கின் ஏழையின் சுமை பத்து மடங்கு. ஆதரிப்போரோ, ஏழையே மிகுதியாக விடுகின்றான், நோயினின்றுந் தப்புகின்றான், ஆதலின் நன்மையும் அவனுக்கே என்பர். இரண்டும் உண்மையே. ஆனால் இரண்டும் ஒரே ஏழையைப் பற்றியன அல்ல. விட்டவன் வரி இறுப்பதில்லை, நலம் பெறுகின்றான். விடமாட்டாதவனோ வரியும் இறுக்கின்றான், நோயும் கொள்கின்றான். முன்னவனது நலத்தைக் காட்டிப் பின்னவனது சுமையை நியாயப்படுத்தல் கணக்கிலே பொருந்தலாம், அறத்திலே பொருந்தாது. விடமாட்டாதவனிடத்திற் பெற்ற பணம் அவனுக்கும் அவன் பிள்ளைகளுக்குமே திரும்பிச் செல்லுதல் வேண்டும். குடிநீராகவும், வைத்தியமாகவும், விளையாட்டிடமாகவும் அது திரும்புமாயின் வரி நீதியுடையதாகும். திரும்பாதாயின் அது திருத்தம் என்னும் போர்வை போர்த்த கொள்ளையேயாகும்.

குடிகளின் உடன்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவங் காட்டுகின்றது. கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்கிலி நகரம் 2014 நவம்பரிலே அவுன்சு ஒன்றுக்கு 1 சதம் வரி பற்றி மக்களின் வாக்கைக் கேட்டது. நூற்றுக்கு 76 பேர் இசைந்தனர். பணத்தை எவ்வாறு செலவிடுவதென்று ஆலோசனை கூற அறிஞர் குழுவும் அமைக்கப்பட்டது. சிக்காகோ நகரை உள்ளடக்கிய குக் மாவட்டமும் 2017 ஓகத்திலே அதே அளவு வரியை விதித்தது. ஆனால் அங்கே வரவுசெலவுக் குறையை நிரப்பவே வரி வந்ததென்று மக்கள் கருதினர். சுகாதாரம் ஒரு சாக்கு என்றனர். இரண்டு மாதம் கழிந்ததும் மாவட்ட சபையே அதனை நீக்கத் தீர்மானித்தது. ஆண்டு முடியுமுன் வரி மறைந்தது. ஒரே நாடு, ஒரே அளவு வரி. ஒன்று நிலைத்தது, மற்றது வீழ்ந்தது. பணம் எங்கே போகின்றது என்னும் வினாவுக்கு அரசு கூறும் விடையிலேயே வரியின் உயிர் தங்கியிருக்கின்றது.

தென்மார்க்கிலே வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே பல்லாண்டு நிலவிய மென்பான வரி 2014 இல் நீக்கப்பட்டது. எல்லைகடந்து அயல்நாட்டுக் கடைகளிலே வாங்குதலும், உள்நாட்டு வணிகத்தின் முறையீடுமே அதற்குக் காரணங்கள்.

பிரித்தானியா 2018 ஏப்பிரல் 6 ஆந் தேதி நடைமுறைப்படுத்திய தீர்வை, 1751 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாடத்தை மறவாததுபோலத் தோன்றுகின்றது. அது பருகுவோனை நோக்காது ஆக்குவோனை நோக்கியது. 100 மில்லிலீற்றரில் 5 கிராமுக்குக் குறைந்த சீனியுள்ள பானத்துக்கு வரி இல்லை. 5 கிராமுக்கும் 8 கிராமுக்கும் இடைப்பட்டதற்கு லீற்றருக்கு 18 பென்சு. 8 கிராமும் அதற்கு மேலுமாயின் 24 பென்சு என்று அது தொடக்கத்திலே வகுத்தது. இத்திட்டம் 2016 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டமையால், கம்பனிகளுக்கு இரண்டாண்டு அவகாசம் இருந்தது. அவை வரியை இறுப்பதைவிடச் சீனியைக் குறைத்தலே இலாபமென்று கண்டன. 2015 க்கும் 2019 க்கும் இடையே இத்தீர்வைக்குட்பட்ட பானங்களின் சராசரிச் சீனியளவு ஏறத்தாழ 44 வீதம் குறைந்தது. முதலாண்டிலே 52 கோடி பவுண் வருமென முதலில் மதிப்பிடப்பட்டது. வந்தது ஏறத்தாழ 24 கோடியே. வருவாய் பாதிக்கு மேற் குறைந்தமையே வரியின் வெற்றியாயிற்று. பாடசாலை விளையாட்டுக்கென அவ்வரசு தொடக்கப் பாடசாலைகளுக்கு வழங்கிய நிதியும் இருமடங்காக்கப்பட்டது.

இவ்வழி குற்றமற்றதென்று கூறுதற்கில்லை. நீக்கிய சீனியின் இடத்திலே செயற்கை இனிப்புக்கள் பல பானங்களிற் புகுந்தன. உடற்பருமனைக் கட்டுப்படுத்த அத்தகைய இனிப்புக்களை நம்பவேண்டா என்று உலக சுகாதாரத் தாபனம் 2023 இல் அறிவுரை வழங்கியது. சீனி குறைந்தது, இனிப்பின் மேலுள்ள நாட்டம் குறைந்ததா என்பது வேறு வினா. வரி ஒரு பொருளை மாற்றும். நாவை மாற்றுவது கல்வியும் பழக்கமுமே.

பிழைப்பை இழப்போரையும் மறத்தல் நீதியன்று. தென்னாபிரிக்கா 2018 ஏப்பிரலிலே, 100 மில்லிலீற்றரில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 2.1 சதம் வரி விதித்தபோது, கரும்புச் செய்கையாளரும் ஆலைத் தொழிலாளரும் எதிர்த்தனர். ஒருவனது உடல்நலத்துக்காக மற்றொருவனது தொழிலை ஒடுக்குதல் ஆகுமா என்பது அவர்கள் வினா. நோயை வளர்க்கும் தொழில் என்றென்றும் நிலைத்தல் வேண்டும் என்பதற்கில்லை. ஆனால் அத்தொழிலை நம்பியவர்க்கு மாற்றுவழி காட்டாது வரியை மட்டும் விதித்தல் அரைநீதியேயாம்.

இனி எம் நாட்டை நோக்குவாம். இலங்கையர் பானவரியின் அறத்தை ஆராய்தல் புதிதன்று. பிரித்தானியர் ஆட்சியிலே சாராயக் குத்தகை அரசின் பெருவருவாய்களுள் ஒன்றாயிருந்தது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமும், அதனோடொட்டிக் கள்ளுத் தவறணைகள் பல புதிதாகத் திறக்கப்பட்டமையும் நாடெங்கும் மதுவிலக்கு இயக்கத்தைக் கிளர்ந்தெழச் செய்தன. அவ்வியக்கத்தார் எழுப்பிய வினா இன்றும் வாடவில்லை: குடிப்பதைக் குறைப்பேன் என்னும் அரசு, குடியினால் வரும் பணத்திலே தங்கியிருக்குமாயின், அது எங்ஙனம் மனமொப்பிக் குறைக்கும்?

2016 ஓகத்திலே மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவை நிறத்தாற் காட்டும் முறை எம் நாட்டில் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலாயின் சிவப்பு. 2 முதல் 11 வரையாயின் மஞ்சட்செம்மை. 2 க்குக் குறையிற் பச்சை. எழுதப்படிக்க அறியாதாரும் உணரக்கூடிய நல்ல முறை இது. ஆயினும் எல்லைக்கோடு எங்கே இடப்படுகின்றது என்பதும் ஓர் அறவினாவே. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள பானம் பிரித்தானியாவிலே மிக உயர்ந்த வரிக்குரியது. இங்கேயோ அது சிவப்புக் கூடப் பெறாது.

2017 நவம்பரிலே முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம், பானத்திலுள்ள சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் தீர்வை விதித்தது. அதன்படி லீற்றருக்கு 100 கிராம் சீனியுள்ள பானம் 50 ரூபா இறுக்க வேண்டியதாயிற்று. பருமனை நோக்காது சீனியை நோக்கிய அவ்வரி, அறிவோடு வகுக்கப்பட்டதென்றே கூறலாம். ஆனால் அடுத்த ஆண்டின் பிற்பகுதியிலேயே அதன் அளவு குறைக்கப்பட்டது. கம்பனிகள் தம் பானங்களை மாற்றியமைக்கவும், மக்கள் தம் பழக்கத்தை மாற்றவும் வேண்டிய காலம் கிடைக்கவில்லை. அதன்பின், 2020 ஒற்றோபரிலே இறக்குமதிச் சீனியின் மேலிருந்த விசேட பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அதன் பயன் கடையிலே சீனி வாங்குவோரை உரியவாறு சேரவில்லை என்னும் குற்றச்சாட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்தது. போத்தலிலுள்ள சீனி நோய் தருவது என்று ஒரு கையால் வரி வாங்கி, மூடையிலுள்ள சீனிக்கு மறுகையால் வரி நீக்கும் அரசை மக்கள் எங்ஙனம் நம்புவர்?

மேலும், எம் மக்களின் சீனி பெரும்பாலும் போத்தலில் மட்டும் இல்லை. தேநீர்க் குவளையிலும் இருக்கின்றது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகிய பழக்கம் அருகி, கரண்டி கரண்டியாகச் சீனி கலக்கும் வழக்கம் பெருகிவிட்டது. பானவரி இவ்வீட்டுப் பழக்கத்தைத் தீண்டாது. தீண்டவும் வேண்டா, அடுக்களைக்குள் அரசு புகுதல் கூடாது. அங்கே புக உரிமையுடையது கல்வி ஒன்றே.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன யாவை? சீனிப்பான வரி தன்னளவிலே அநீதியுமன்று, தன்னளவிலே நீதியுமன்று. நான்கு நிபந்தனைகளை நிறைவு செய்யும்பொழுதே அது நீதியாகின்றது. பருகுவோனை ஒறுப்பதிலும் ஆக்குவோனைத் திருத்துவதையே அது முதல் நோக்கமாகக் கொள்ளுதல் வேண்டும். ஆகவே சீனியின் அளவுக்கேற்ப ஏறியிறங்குதல் வேண்டும். வரிப்பணம் இறுத்தவர்க்கே கண்காணத் திரும்புதல் வேண்டும். விடு என்று சொல்லுமுன் அதற்கு மாற்றாகத் தூய குடிநீரை, முதலிலே பாடசாலைகளில், அளித்தல் வேண்டும். தாகத்தோடு நிற்கும் பிள்ளைக்கு நீர் கொடாது வரி மட்டும் விதித்தல் அறமாகாது. இறுதியாக, அரசு தன் ஏனைய கொள்கைகளிலும் அதே வாய்மையைக் காத்து, இன்று விதித்து நாளை தளர்த்தாது நிலைத்து நிற்றல் வேண்டும்.

இந்நான்கும் ஒருங்கே அமைந்த வரியை வரலாறு இன்னும் முழுமையாகக் காட்டவில்லை. பிரித்தானியா முதலாவதில் வென்றது. பேர்க்கிலி இரண்டாவதற்கு வழி காட்டிற்று. மெக்சிக்கோ மூன்றாவதை வாய்விட்டுக் கேட்டது. நான்காவது எங்கும் அரிதாகவே இருக்கின்றது. யானைக்குக் கவளம் எவ்வளவு என்று வேந்தனைக் கேட்டது பழைய நீதி. கவளத்தை எவர் பொருட்டுக் கொள்கின்றாய் என்று கேட்பது புதிய நீதி. திறைசேரியிலும் பாராளுமன்றத்திலும் வைத்தியசாலைகளிலும் நாளை அமரவிருக்கும் எம் மாணவர்கள் இவ்விரு வினாக்களையும் ஒருங்கே கேட்கப் பழகுவார்களாயின், அவர்கள் விதிக்கும் வரியைக் குடிகள் முணுமுணுத்தாவது இறுப்பர்; முணுமுணுத்தபடியே அதன் நியாயத்தையும் ஒப்புக்கொள்வர்.